கௌபிக் காய்க்குள் சூம்பின விதை: பச்சை நாற்றப்பூச்சி பற்றி

காய் வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும். உடைத்தால் விதை சூம்பி, தோலில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளி. கௌபி, பயறு, பயற்றங்காய் எதிலும் இப்படிக் கண்டால் பச்சை நாற்றப்பூச்சியை (நெசாரா விரிடுலா) முதலில் சந்தேகப்படுங்கள். நெற்கதிரில் பால் பிடிக்கும்போதும் இது குத்தும். அதனால் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அறுவடை முடிகிற நேரம் கவனமாக இருக்க வேண்டும். வயல் வெறுமையானால் அது பறந்து வந்து சேருவது காய்க்கிற பயிருக்குத்தான்.

இது இலையைக் கடிக்காது. தலைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் குழலைக் காய்க்குள் இறக்கி, எச்சிலை விட்டு, கரைந்ததை உறிஞ்சும். பிஞ்சில் குத்தினால் விதையே பிடிக்காது. முற்றும்போது குத்தினால் விதை சுருங்கும், குத்தின வழியால் நோய்க்கிருமியும் உள்ளே போகும்.

பிடிக்க வசதியான பருவம் முட்டைதான். இலையின் அடிப்பக்கத்தில், பீப்பா வடிவில், 30 முதல் 130 வரை வரிசை பிசகாமல் ஒட்டியிருக்கும். முதலில் வெளிர்மஞ்சள், பொரிக்கப் போகும்போது இளஞ்சிவப்பு. நம்முடைய வெக்கைக்குப் பொரிக்க ஏறக்குறைய 5 நாள். பொரித்த குஞ்சுகள் முட்டைக்கோதின் மேலேயே கும்பலாகக் குந்தியிருக்கும். முதல் தோல் கழற்றும்வரை பயிரில் வாய் வைக்காது. பிறகு கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு ஒன்றாகவே மேயும். 5 தடவை தோல் கழற்றும்; பாதி வளர்ந்த பிறகுதான் நன்றாகச் சிதறும். அதற்கு முன்னே அந்த இலையைக் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் கூட்டமே முடிந்தது.

முட்டைகள் கறுத்திருந்தால் கிள்ள வேண்டாம். ட்ரிசோல்கஸ் என்ற சின்னக் குளவி உள்ளே முட்டையிட்டிருக்கும்; அதில் வளர்ந்த புதுக் குளவி வெளியே வந்து அடுத்த முட்டைக் கூட்டத்தைத் தேடிப் போகும். தோளில் முள்ளும் தடித்த குழலுமாக, புழுவைக் குத்திக்கொண்டு நிற்கிற நாற்றப்பூச்சியையும் விட்டுவிடுங்கள். அது வேட்டைக்காரன்.

வளர்ந்ததைப் பிடிக்கக் காலை வெயில் ஏறும் நேரம் நல்லது. செடியின் நுனியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வாளியில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சவர்க்காரம் கரைத்துக் கீழே பிடித்து, கொப்பைத் தட்டுங்கள், விழும். கையால் நசுக்கினால் பூச்சியின் நெஞ்சடியில், கால் தொடங்கும் இடத்தருகே உள்ள சுரப்பியின் நாற்றம் விரலை விட்டு லேசில் போகாது.

மருந்து அடிப்பது எனக்குக் கடைசி வழி. குளவி செத்துப்போகும், பறக்கிற பூச்சி பக்கத்திலிருந்து மறுபடி வரும்.

வேலியோரத்துக் கிலுகிலுப்பையிலும் ஆமணக்கிலும் இது தங்கும். வெட்டுவதென்றால் பயிர் பூக்குமுன் வெட்டுங்கள். காய் பிடித்த பிறகு வெட்டினால் அங்கிருந்ததெல்லாம் உங்கள் கௌபிக்குத்தான் இறங்கும்.