ஃபிரையருக்கும் வைஃபை

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு பர்கர் கடையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். முன்பெல்லாம் குளிர்பெட்டியின் வெப்பநிலையை மணிக்கொருமுறை பார்த்துத் தாளில் எழுதுவோம், மறந்துபோனால் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்புவதும் உண்டு (இதை வெளியே சொல்லக்கூடாதுதான்). இப்போது சென்சாரே பார்த்துக்கொள்கிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம் என்பதால், கதவு சரியாக மூடாவிட்டால் மேனேஜர் போனுக்குத் தகவல் பறக்கும். ஃபிரையர்கூட எண்ணெய் மாற்றும் நேரத்தைச் சொல்கிறது. இதெல்லாம் நல்லதுதான்.

ஐஸ்கிரீம் மெஷின்தான் தலைவலி. ராத்திரியில் உள்ளே இருக்கும் பால் கலவையைத் தானே சூடாக்கி மறுபடி குளிர்விக்கும், ஏறக்குறைய நான்கு மணி நேரம், நடுவில் ஏதாவது பிசகினால் வெறும் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும், அதற்கு என்ன அர்த்தம் என்பது டெக்னிஷியனுக்குத்தான் தெரியும்.

"ஏன் தம்பி, இதுக்குக் காய்ச்சல் வந்தா நாமளே மாத்திரை குடுக்கக்கூடாதா?" என்று கேட்டார் சமையலறை அக்கா.

அமெரிக்காவில் இதே சண்டைதான் நடந்தது. 2024 அக்டோபரில், கடைகளில் உள்ள உணவு தயாரிப்பு இயந்திரங்களைப் பழுதுபார்க்க, தயாரித்த நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டை உடைக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு கொடுத்தார்கள். அக்காவிடம் சொன்னேன். "அப்ப நம்ம மெஷினை அங்க அனுப்பிடு" என்றார்.

டெக்னிஷியன் நாளை மறுநாள் வருகிறாராம்.