தரங்கம்பாடில கடல் இன்னும் சாப்பிட்டு முடிக்கல

பொங்கல் லீவுக்கு மாயவரம் போயிருந்தப்ப அம்மாவ கூட்டிக்கிட்டு பூம்புகார், தரங்கம்பாடி ரெண்டும் ஒரே நாள்ல பாத்துட்டு வரலாம்னு கிளம்பினேன். காணும் பொங்கல் அன்னிக்கு போனா பூம்புகார்ல கால் வைக்க முடியாது, அதனால மறுநாள் போனோம்.

பூம்புகார பத்தி உண்மைய சொல்லிடறேன், அங்க கண்ணால பாக்க பெருசா எதுவும் இல்லீங்க. 1973ல கட்டுன ஏழு நிலை சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கு, காவிரி கடல்ல கலக்குற இடம் இருக்கு, அவ்ளோதான். யவனர் கப்பல் வந்த துறைமுகம், மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம்னு இருந்த பழைய ஊரெல்லாம் கடலுக்குள்ள போயிடுச்சு, நம்ம மண்டைக்குள்ள ஓட்டிப் பாத்துக்க வேண்டியதுதான். அம்மா கொஞ்ச நேரம் அலையவே பாத்துட்டு "இதுக்காடா என்னய கூட்டியாந்த?"ன்னு கேட்டுச்சு. பதில் சொல்லாம பஸ் ஏத்திட்டேன். வழியில திருக்கடையூர், அறுபதாம் கல்யாணக் கூட்டம் தெரு வரைக்கும் நிக்குது, எறங்கல.

தரங்கம்பாடி வேற மாதிரி. 1792ல கட்டுன வாசல் வளைவு ஒண்ணு, அதுக்குள்ள நுழைஞ்சதும் சத்தமே அடங்கிடும். நேரா ராஜ வீதி, கடைசில கடல். வலது பக்கம் மஞ்சளா டேனிஷ் கோட்டை. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரங்களுக்கு இடம் குடுத்தாரு, வருஷ வாடகை 3111 ரூபா. டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்புன கடுதாசி இன்னமும் கோபன்ஹேகன்ல இருக்கு. கடைசில 1845ல அவங்க இந்தியாவுல வச்சிருந்த மத்த இடங்களோட சேத்து வெள்ளைக்காரன்கிட்ட பன்னண்டரை லட்சத்துக்கு வித்துட்டு போயிட்டாங்க. இத நான் சொன்னதும் அம்மா, "அப்ப வாடகைக்கு வந்தவன் வித்துட்டு போயிருக்கான், நம்மூரு கதையேதான்"னுச்சு, சிரிப்ப அடக்க முடியல.

கோட்டைக்குள்ள ஒரு சின்ன மியூசியம், சீக்கிரமா பாத்து முடிச்சுடலாம். எனக்கு அங்க நெருக்கமா தோணுறது சீகன்பால்குதான். 1706 ஜூலைல வந்து எறங்குன ஜெர்மன் பாதிரியார், 24 வயசுதான். தமிழ் கத்துக்க திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பசங்களோட உக்காந்து மணல்ல விரலால எழுதியிருக்காரு. இதே கோட்டைல அவர மாசக்கணக்குல சிறை வச்சதும் அந்த டேனிஷ் கவர்னர்தான். ஜெர்மனில இருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்ப பெருசு, அதுல அடிச்சா பேப்பர் பத்தாதுன்னு இங்கயே சின்னதா எழுத்து வார்த்து, 1715ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்சு முடிச்சாங்க, பேப்பர் தட்டுப்பாட்டுக்கு பக்கத்துல பொறையார்ல பேப்பர் ஆலையே வச்சாங்க. இப்ப போன்ல தமிழ் ஃபான்ட் சரியா வரலன்னு நான் பொலம்புறப்பலாம் இவர நெனச்சுக்குவேன். 1718ல கட்டுன புதிய ஜெருசலேம் சர்ச்சுலதான் அடக்கம் பண்ணியிருக்காங்க, 36 வயசு.

மத்தியானம் பொறையார் பக்கம் ஒரு மெஸ்ல சங்கரா மீன் கொழம்பு. அத பத்தி தனியா ஒரு பதிவே போடலாம், இப்ப வேணாம்.

சாயங்காலம் மாசிலாமணி நாதர் கோயிலுக்கு போனோம், கோட்டைக்கு பக்கத்துலயே கடலோரமா இருக்கு. 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பக்கமெல்லாம் கடல் கொண்டுபோயிடுச்சு, மிச்சம் இருந்தத சரிபண்ணி வச்சிருக்காங்க. அலைய தடுக்க பெரிய பெரிய கருங்கல்லா கொட்டியிருக்கு. அம்மாவுக்கு மூட்டு வலி, அந்தக் கல்லு மேல ஏறவேண்டாம்னு சொன்னா கேட்டாதானே. சின்னப் புள்ளைல மாயவரத்துல இருந்து ரயில்ல வந்திருக்காம், 1986ல அந்த லைன மூடிட்டாங்க. "அப்ப கடல் தூரத்துல கெடந்துச்சுடா, நாங்க கோயிலுக்கு முன்னாடி உக்காந்துதான் புளிசோறு தின்னோம்"னு கைய நீட்டி காட்டுச்சு. காட்டுன எடத்துல அலை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

காலைல பூம்புகார்ல அம்மா கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் கெடச்சுது எனக்கு. அங்க கடல் சாப்பிட்டு கை கழுவிட்டு போயிடுச்சு, இங்க இலைல பாதி மிச்சம் இருக்கு.

கல்லு சந்துல ஒரு செங்கல் துண்டு கெடந்துச்சு, நாலு மூலையும் தேஞ்சு, பாத்ரூம்ல கடைசியா மிஞ்சுற சோப்பு மாதிரி வழவழன்னு ஆயிருச்சு. அம்மா எடுத்து தொடச்சு பாத்துட்டு, "இது கோயிலோடதா, கோட்டையோடதாடா?"ன்னு கேட்டுச்சு. நான் வாங்கி திருப்பி திருப்பி பாத்தேன், ஒண்ணும் தெரியல. எடுத்த எடத்துலயே வச்சுட்டு கடைசி பஸ் போயிடும்னு அம்மா கைய புடிச்சு எறக்கினேன், செருப்புல ஒண்ணு கல்லு சந்துல விழுந்து போச்சு, அத எடுக்கவே முடியல.