தராசு நிரலும் கம்பைலர் எச்சரிக்கைகளும்

ஜூன் 3
கோயம்பேடு கடைகளுக்குப் போகும் மின்னணுத் தராசின் சி நிரல் இன்று முதல் என் பொறுப்பு. எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலைத் திறந்தால், எல்லா எச்சரிக்கைகளையும் அடக்கும் சின்ன 'டபிள்யூ' கொடியை (கம்பைலருக்குத் தரும் விருப்பக் கட்டளை) யாரோ போட்டு, நிரலை இயந்திர மொழியாக்கும் ஜிசிசி கம்பைலரின் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, எச்சரிக்கைகளைத் தரச்சொல்லும் 'டபிள்யூ-ஆல்', 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' இரண்டையும் சேர்த்தேன். எச்சரிக்கைகள் திரையில் நிற்காமல் ஓடின. கிண்டியில் மதியம் மின்சாரமும் போனது. நல்லதுதான், சாப்பிடப் போனோம்.

ஜூன் 4
எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல், செயற்கூறுகள் (ஃபங்ஷன்) வாங்கியும் பயன்படுத்தாத அளவுருக்கள் பற்றியவை. அந்த வகையை மட்டும் அணைத்தேன்.

ஜூன் 5
சிக்கியது. தராசிலிருந்து 'ரீட்' என்ற செயற்கூறு வாங்கிய பைட் எண்ணிக்கை, அவற்றை வைக்கும் நினைவிடமான பஃபரின் அளவைவிடக் குறைவா என்று ஒரு வரி கேட்கிறது. குறைவென்றால் மறுபடி படிக்கும். இல்லையென்றால் பஃபரில் உள்ள எடையைக் காட்டும். கேபிள் தளர்ந்தால், பிழை என்று சொல்ல 'ரீட்' தருவது -1. பஃபரின் அளவாக 'சைஸ்ஆஃப்' தருவதோ குறியில்லாத எண், அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதது. ஒப்பிடும்போது -1-உம் குறியில்லாததாக மாறி, எங்கள் 32 பிட் பலகையில் 4294967295 ஆகிறது. அப்புறம் எங்கே குறைவாக இருக்கும்? முந்தைய மூட்டையின் எடையே திரையில் நிற்கிறது. வியாபாரிகள் மாதக்கணக்கில் சொன்ன புகார் இதுதான். நாங்கள் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தோம். சி மொழியில் இந்த எச்சரிக்கை 'ஆல்' கொடியில் வராது, 'எக்ஸ்ட்ரா' வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த பெண், "சார், அந்த எண்ணிக்கையைக் குறியில்லாததாக்க வகைமாற்றம் போட்டுவிடட்டுமா?" என்றார். போட்டால் எச்சரிக்கை போய்விடும், பிழை அப்படியே இருக்கும். முதலில் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழா என்று பார்க்கச் சொன்னேன். வகைமாற்றம் அதற்குப் பிறகுதான்.

ஜூன் 9
மேலாளர், எச்சரிக்கை வந்தாலே பிழையாக்கிக் கம்பைலை நிறுத்தும் 'டபிள்யூ-எரர்' கொடியையும் மேக்ஃபைலில் போடச் சொல்கிறார். எனக்கு உடன்பாடில்லை. புதிய ஜிசிசி புதிய எச்சரிக்கை தரும். நேற்றுவரை கம்பைல் ஆன நிரல், வாடிக்கையாளர் கணினியில் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். 2024-இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூற்றை அழைப்பதை எந்தக் கொடியும் இல்லாமலே பிழையாக்கிவிட்டது. சி மொழியின் 1999 தரமான சி99 அந்த அனுமதியை எப்போதோ நீக்கியாயிற்று. ஆகவே 'எரர்' நாங்கள் கம்பைல் செய்யும் பில்டு சர்வரில் மட்டும், அங்கே கம்பைலர் பதிப்பும் மாறாது. சம்மதித்தார், அரைமனதாக.

ஜூன் 11
விசைப்பலகை நிரலின் 'சுவிட்ச்' பகுதியில் (எந்த விசை என்று பார்த்துப் பிரியும் இடம்), ஒரு கிளையை முடிக்கும் 'பிரேக்' இல்லாத இடத்தில், "கீழே தொடரட்டும்" என்று முன்பிருந்தவர் தமிழில் குறிப்பெழுதியிருக்கிறார். அது வேண்டுமென்றே விட்டது என்று ஜிசிசிக்குப் புரிய, 'எக்ஸ்ட்ரா' கொடியில் ஆங்கிலக் குறிப்பு வேண்டும். அதையே கம்பைலருக்கு நேராகச் சொல்லும் 'ஃபால்த்ரூ' பண்புக்கூற்றைச் சேர்த்தேன். தமிழ்க் குறிப்பை அழிக்கவில்லை. ரசீது பிரிண்டர் நிறுவனத்தின் ஹெடர்களை (நிரலில் இணைக்கும் அறிவிப்புக் கோப்புகள்), அவற்றின் எச்சரிக்கைகளை அடக்கும் 'ஐசிஸ்டம்' கொடி வழியாகச் சேர்த்ததும் புலம்பல் நின்றது. மதிப்பை மாற்றக்கூடிய வகைமாற்றங்களை எச்சரிக்கும் 'டபிள்யூ-கன்வர்ஷன்' கொடி அடுத்த மாதம்.