தொட்டியின் இந்தப் பக்கம்

கத்தோலிக்கக் கோவிலில் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டதும் தொண்டை அடைப்பது கடவுளுக்குப் பயந்து அல்ல. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. தட்டிக்கு அந்தப் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் சாமியார், ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று நம் முகத்தைப் பார்ப்பாரே, அதற்குத்தான் பயம். இந்தப் பயத்திலேயே வருஷக்கணக்காக நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாப் பங்கிலும் (பங்குக் குரு ஒருவரின் பொறுப்பிலுள்ள வட்டாரம்) உண்டு.

திருச்சபைக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் 964-ஆம் எண், தொட்டியில் நிலையான தடுப்புத்தட்டி இருக்க வேண்டும் என்கிறது. 991-ஆம் எண்படி, அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் போகலாம். பக்கத்துப் பங்குக்குப் போவது ஒளிந்து ஓடுவது ஆகாது, அது உங்கள் உரிமை. 983-ஆம் எண் இரகசிய முத்திரை: தொட்டியில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது. அதை நேரடியாக உடைக்கும் குரு, அந்தக் கணமே சபை விலக்குக்கு ஆளாவார். அதை நீக்கும் அதிகாரம் ரோமைக்குத்தான். தற்செயலாகக் காதில் விழுந்தவரும் வாய் திறக்கக்கூடாது.

பலருக்குத் தெரியாதது 984. வெளியே சொல்லாவிட்டாலும், கேட்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக எதையும் குரு செய்யக்கூடாது. உண்டியலில் கைவைத்ததைக் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், அதைக் காரணமாக வைத்துச் சாவியைத் திருப்பி வாங்கக்கூடக் குருவுக்கு உரிமை இல்லை.

இவ்வளவு காவல் இருந்தும் எங்கே தவறுகிறது? பெரிய பாவத்தைச் சின்னதுகளுக்கு நடுவே செருகும்போது. "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், கெட்ட காரியம் செஞ்சேன், பூசைக்குப் பிந்திப் போனேன்" என்று ஒரே மூச்சில் ஓடிவிடுவார்கள். சாவான பாவத்துக்கு (தெரிந்தே, மனமாரச் செய்த கனமான பாவம்) வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். "கெட்ட காரியம்" ஒரு வகையே இல்லை. இன்ன பாவம், மாதம் இரண்டு மூன்று தடவை, ஒரு வருஷமாக. இவ்வளவு போதும். கதை வேண்டாம், கூட இருந்தவர் பெயர் வேண்டவே வேண்டாம், மாமியார் செய்த பாவமும் வேண்டாம். மறந்துபோனது மற்றவற்றோடு மன்னிக்கப்படும், நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. சாவான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது.

முந்தின இரவு ஒரு கால் மணி நேரம், பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்து, எதில் தவறினோம் என்று ஆத்தும சோதனை செய்யுங்கள். துண்டுச் சீட்டில் உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்து வரிசையில் போய் நிற்காதீர்கள்; பின்னால் நிற்பவரின் மூச்சு கேட்கும் இடத்தில் யாருக்கும் வாய் வராது. சாதாரண நாளில், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் நிதானமாகப் பேசலாம். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று சொன்ன கையோடு, சொல்லவே கூசுவதை முதலில் சொல்லிவிடுங்கள். நாக்கு எழவில்லையா? "சாமி, ஒண்ணு சொல்ல வெட்கமா இருக்கு, நீங்களே கேளுங்க" என்றால் போதும். குரு கேட்பார், நீங்கள் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருஷமாக இரத்தப்போக்கு நிற்காத பெரும்பாட்டுக்காரி கூட்டத்தில் பின்னாலிருந்து இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமாகிவிடுகிறார். அப்படியே நழுவிப் போயிருக்கலாம். இயேசு விடவில்லை, தொட்டது யார் என்று சுற்றிலும் பார்த்தார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்து உண்மை முழுவதையும் சொன்னார். "மகளே" என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. குணமானதும் நழுவ விட்டிருந்தால், அந்தச் சொல்லைக் கேட்காமலே போயிருப்பார்.

மன்னிக்கப்பட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறவர்கள் ஆளுக்கு ஆள் மாறாமல் ஒரே குருவிடம் போய், அவர் போதும் என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றவர்கள், பாவத்துக்குப் பரிகாரமாகக் குரு கொடுத்த அபராதத்தைக் கோவிலைவிட்டு இறங்குமுன் தீர்த்துவிடுங்கள்; தள்ளிப்போட்டால் மறந்துபோகும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.