வெளிச்சாய்வு மேடு ஒருவழியாக வசப்பட்டது

கணினியில் நான் வடிவமைத்துவரும் ரோலர் கோஸ்டர் தடத்தில் வெகுநாள்களாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்த வெளிச்சாய்வு மேடு நேற்றிரவு சரியாக வந்துவிட்டது. தடம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது வண்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். பயணி இருக்கையிலிருந்து மேலெழும்பித் தொடைத் தடுப்பில் தொங்கியபடியே உச்சியைக் கடப்பார். ஒஹாயோவின் சீடர் பாயின்ட் கேளிக்கைப் பூங்காவில் 2018-இல் திறக்கப்பட்ட ஸ்டீல் வெஞ்சன்ஸ் கோஸ்டரில் இத்தகைய மேட்டைக் காணொளியில் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று செய்ய வேண்டும் என்று கிளம்பியவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

வழக்கம்போல விசைகளை, அவற்றிலிருந்தே தடத்தின் வடிவத்தைக் கணக்கிடும் ஓப்பன்எஃப்விடி மென்பொருளில் அமைத்து, எலிமென்ட் கோப்பாக, கோஸ்டரை ஓட்டிப் பார்க்கும் நோலிமிட்ஸ் 2-க்குள் கொண்டுவந்தேன். பள்ளத்தில் வேகம் விநாடிக்கு 26 மீட்டர், உச்சியில் 18 மீட்டர். உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் இரண்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறக்குறைய 18 மீட்டர் வரும். பள்ளத்தில் நார்மல் விசை (இருக்கைக்குச் செங்குத்தானது; 1 ஜி என்பது நம் எடையளவு) 3.5 ஜி, மேட்டில் -0.8 ஜி, சாய்வு 45 டிகிரி, பக்கவிசை தொடக்கம் முதல் முடிவு வரை பூஜ்யம்.

விசை முறையின் அழகு இந்த மேட்டில்தான் முழுதாகத் தெரிகிறது என்பேன். புள்ளிகளைக் கையால் நகர்த்தி இதே வடிவத்தை வரைய முயன்றவர்களுக்கு, சாய்வை ஒரு பக்கமும் திருப்பத்தை எதிர்ப்பக்கமும் வைத்துவிட்டுப் பக்கவிசையைப் பூஜ்யத்தில் நிறுத்துவது எத்தகைய சித்திரவதை என்று சொல்ல வேண்டியதில்லை. விசை முறையிலோ திருப்பத்தை நாம் கொடுப்பதே இல்லை. வண்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கும்போது நார்மல் விசை எதிர்மறையாக இருந்தால், அந்த விசையின் கிடைக்கூறு இடப்பக்கமாக விழுகிறது. தடமும் தானாகவே இடப்பக்கம் வளைகிறது. -0.8 ஜி, 45 டிகிரி என்று வைத்தால் கிடைத்திசை முடுக்கம் விநாடிக்கு விநாடி ஏறக்குறைய 5.5 மீட்டர், 18 மீட்டர் வேகத்தில் அது விநாடிக்குச் சற்றேறக்குறைய 18 டிகிரி திருப்பமாகிறது. செங்குத்துத் தளத்தில் உச்சியின் வளைவு ஆரம் 21 மீட்டர். இந்த எண்களில் எதையும் நான் தட்டச்சு செய்யவில்லை. விசை வரைபடத்திலிருந்து அவை தாமாகவே பிறந்தன.

இவ்வளவு எளிதானால் இத்தனை நாள் ஏன் பிடித்தது என்று கேட்பீர்கள். மேட்டின் உச்சி ஒருபோதும் தொல்லை தரவில்லை. தொல்லை முழுவதும் அதற்கு முந்தைய ஒரு விநாடியில் இருந்தது. 3.5 ஜியிலிருந்து -0.8 ஜிக்கு இறங்க நான் 1.1 விநாடி கொடுத்திருந்தேன். அதே இடைவெளிக்குள் வண்டி 45 டிகிரி உருள வேண்டும். இரண்டு வளைகோடுகளின் நடுப்பகுதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பார்ப்பதற்கும் அது ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் நோலிமிட்ஸில் ஓட்டிப் பார்த்தால், இடப்பக்கம் திரும்ப வேண்டிய தடம் முதலில் வலப்பக்கம் நான்கைந்து டிகிரி ஒதுங்கி, பிறகே மனம் மாறி இடப்பக்கம் வருகிறது. மேலிருந்து பார்த்தால் பாம்பு நெளிந்ததுபோல ஒரு தடம். இருக்கையிலிருந்து பார்த்தாலும் அந்த நெளிவு கண்ணை உறுத்துகிறது.

காரணம் எளிமையானது. விசை 3.5-இலிருந்து -0.8-க்கு இறங்கும்போது, நேரத்தின் நடுப்புள்ளியில் அது பூஜ்யத்தில் இருப்பதில்லை, 1.35 ஜியில் இருக்கிறது. மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் க்யூபிக் வளைகோட்டில் பூஜ்யத்தைத் தொடுவது ஏறக்குறைய 0.8-ஆவது விநாடியில்தான். அதற்கு முன்பு எவ்வளவு சாய்ந்தாலும், நேர்மறை விசை தடத்தைச் சாய்ந்த பக்கத்துக்கே தள்ளும். அதற்குப் பின்புதான் எதிர்ப்பக்கத்துக்கு இழுக்கும். சரியாகப் பூஜ்யத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் மட்டும் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் தடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் தடம் அப்போது வண்டியை எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. வண்டி எறிந்த கல்லின் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ரோல், அதாவது உருளல், வேகத்தின் சிகரம் அந்தக் கணத்தின் மேல் அமர வேண்டும்.

அமர்த்தினேன். ரோலின் மொத்த நேரம் 0.9 விநாடி, 0.35-இல் தொடங்கி 1.25-இல் முடிகிறது. விசை இறங்கி முடிந்த பிறகும் 0.15 விநாடிக்கு வண்டி உருண்டுகொண்டிருக்கிறது என்பது வரைபடத்தில் பார்க்கக் கோணலாகத்தான் தெரிகிறது. ஏறி இறங்கும் இரு பாதிகளும் சமமாக இருப்பதால் சிகர வேகம் விநாடிக்கு 100 டிகிரி. வலப்பக்க நெளிவு ஒரு டிகிரிக்கும் கீழே போய்விட்டது. அதை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ரோலின் வளைகோட்டை லீனியராக, அதாவது நேர்கோடாக, விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: விடாதீர்கள். ரோல் வேகம் ஒடிந்து மாறும் இடத்தில் சுழற்சி முடுக்கம் சட்டென்று தாவும். பயணியின் நெஞ்சு வழியே போகும் உருளல் அச்சான ஹார்ட்லைனிலிருந்து தள்ளி இருக்கும் தலை அதைப் பக்கவாட்டு வெட்டாக உணரும். ஹார்ட்லைனில் பக்கவிசை பூஜ்யம் என்று வரைபடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பயணியின் கழுத்து வேறொரு கதை சொல்லும்.

இந்த நுணுக்கத்துக்கெல்லாம் எண்களை இரண்டாம், மூன்றாம் தசமத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. எண் பெட்டியின் மேல் சுட்டியை வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டுவதுதான் எனக்குப் பழகிய வழி. பக்கத்துக் கடையில் வாங்கிய மவுஸோ ஒரு படி உருட்டினால் இரண்டு படி தாவுகிறது, சில நேரம் பின்னோக்கியும் ஒரு படி போகிறது. மாற்றித் தரும்படி கேட்டதற்கு, விளையாட்டுக்கு இது போதும் என்று கடைக்காரர் பதில் சொன்னார். 0.80 என்று வைக்க நினைத்து 0.82-இல் போய் நின்றால், அதற்குப் பிந்தைய தடம் முழுவதும் மீட்டர் கணக்கில் இடம் மாறிவிடும் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? இப்போது எண்களை விசைப்பலகையிலேயே அடிக்கிறேன். நல்ல சக்கரமுள்ள மவுஸ் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டிலிருந்து இறங்கும் பக்கத்தில் வேறொரு சிக்கல். வலப்பக்கம் 45 டிகிரி உருண்ட வண்டி, இடப்பக்கம் அதே 45 டிகிரி உருண்டால் சமநிலைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் தோன்றும். வரவில்லை, சில டிகிரி மிச்சம் நின்றது. ரோல் வேகம் பூஜ்யமாக இருக்கும்போதும் சாய்வு மாறும் என்பதை இந்த முறையில் பழகியவர்கள் அறிவார்கள். தடம் 30 டிகிரி ஏற்றத்தில் இருந்துகொண்டு விநாடிக்கு 16 டிகிரி திரும்பினால், உருளவே உருளாத வண்டியின் சாய்வும் விநாடிக்கு 8 டிகிரி மாறும். ஏறும் பக்கத்துத் திருப்பமும் இறங்கும் பக்கத்துத் திருப்பமும் முற்றிலும் ஒத்திருந்தால் இந்த மாற்றங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். என் மேடு சமச்சீரானதல்ல. இறங்கும் பக்கத்தில் திருப்பத்தை வேண்டுமென்றே நீட்டியிருக்கிறேன். எனவே திரும்பி வரும் ரோலின் சிகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அடுத்த பள்ளம் தொடங்கும் இடத்தில் சாய்வு பூஜ்யமாகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி. திசை, ஏற்றம், சாய்வு என்ற மூன்று கோணங்களில் கணக்கிடும் ஆய்லர் முறைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை குறையும் என்பார்கள். ஆனால் என் தடத்தில் முதல் இறக்கம் ஏறக்குறைய செங்குத்தாக இருப்பதால், அங்கே ஆய்லர் கோணங்கள் பைத்தியம் பிடித்ததுபோல் சுழலும். அந்தக் கோணங்களைச் சாராத குவாட்டர்னியன் முறையோடேயே இருந்துவிட்டேன்.

நோலிமிட்ஸில் இறக்கிய பிறகு விசை வரைபடம் நாம் வரைந்ததுபோல் இராது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைக் கண்டு பதறித் தடத்தைத் திருத்தத் தொடங்குபவர்கள் உண்டு. விசை மென்பொருள் வண்டியை ஒற்றைப் புள்ளியாகப் பார்க்கிறது. நோலிமிட்ஸில் ஓடுவதோ பன்னிரண்டு மீட்டர் நீள வண்டித்தொடர். தொடரின் நடுப்பகுதி உச்சியில் இருக்கும்போதுதான் வேகம் மிகக் குறைவு. முதல் பெட்டி உச்சியைக் கடக்கும்போது நடுப்பகுதி இன்னும் கீழே ஏறிக்கொண்டிருக்கும். கடைசிப் பெட்டி கடக்கும்போது நடுப்பகுதி அப்பால் இறங்கத் தொடங்கியிருக்கும். ஆகவே முன்னிருக்கைக்கு ஏறும் பக்கத்திலும் பின்னிருக்கைக்கு இறங்கும் பக்கத்திலும் ஏர்டைம், அதாவது இருக்கையிலிருந்து மேலெழும்புவது, கூடுதல். நடுவிலிருப்பவருக்கே வரைந்த அளவு கிடைக்கும். என் மேட்டில் கடைசிப் பெட்டி இறங்கும்போது -1.1 ஜியைத் தொடுகிறது. உண்மையான சவாரிகளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்2291, ஈஎன் 13814 ஆகிய இரு தரநிலைகளுமே விசையின் அளவோடு அது நீடிக்கும் நேரத்தையும் சேர்த்தே வரம்பு வைக்கின்றன. எனவே கடைசிப் பெட்டியின் வரைபடத்தில் உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த எண் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மென்பொருள்களிலும் உராய்வு அளவும் காற்றுத்தடை அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஏற்றுமதியின்போது புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: மிக நெருக்கமாக வைத்தால் விசைக்கோடு சீப்புப்பல்லாக நடுங்குகிறது, மிகத் தள்ளி வைத்தால் ரோல் வேகமான இடங்களில் வடிவமே மழுங்குகிறது. நேரான பகுதிகளில் அகலமாகவும் ரோல் உள்ள பகுதிகளில் நெருக்கமாகவும் தனித்தனிக் கோப்புகளாக எடுத்து ஒட்டுவதே எனக்குச் சரிப்பட்டது.

இந்தத் தடம் இன்னும் முடியவில்லை. மேட்டுக்கு அடுத்த பள்ளமும் சிறிய இரட்டை மேடும் தயார்; பிரேக் பகுதியோடு இணைப்பதுதான் பாக்கி. விசை முறை முன்னோக்கியே செல்லும் என்பதால், போய்ச்சேர வேண்டிய இடத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உயரம், திசை, சாய்வு மூன்றும் ஒருசேரப் பொருந்தும்வரை கடைசிச் சில பகுதிகளின் நேரத்தை நீட்டிக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும். திசையில் ஒரு டிகிரி பிசகினால் 40 மீட்டர் தள்ளி 70 சென்டிமீட்டர் விலகல். கடைசித் துண்டை மட்டும் நோலிமிட்ஸுக்குள் கையால் வளைத்து ஒட்டிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். வேகம் குறைந்த இடம் என்பதால் தவறில்லை, ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை.

இணைப்பை முடிக்காமலே மனம் அடுத்ததற்குத் தாவிவிட்டது. பூஜ்ய விசையில் சாய்வுக்கு விலையில்லை என்றால், தலைகீழாகவே மேட்டைக் கடக்கும் ஸ்டாலும் இதே கணக்குதான். சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் 2014-இல் வந்த கோலியாத் கோஸ்டரில் உள்ளதைப்போல ஒன்று. விநாடிக்கு 24 மீட்டர் வேகத்தில் 40 டிகிரி ஏற்றத்திலிருந்து விட்டால் 3.1 விநாடி கிடைக்கிறது, கிடைத்தூரம் 58 மீட்டர். அதற்குள் 180 டிகிரி உருண்டு, சற்று நேரம் தொங்கி, மறுபடி 180 டிகிரி நிமிர வேண்டும். ஒவ்வொரு உருளலுக்கும் ஒரு விநாடி கொடுத்தால் சிகர ரோல் வேகம் 360 டிகிரி, அது தாங்காது. பூஜ்யத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே உருளத் தொடங்கி, அந்தச் சிறு நெளிவை ஏற்றத்தின் திசையிலேயே முன்கூட்டி ஈடுகட்ட முடியுமா என்று பார்க்கப் போகிறேன். மரச்சட்டத் தாங்கிகளை இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் தொடுவேன்.