பவுலின் கலாசாரப் பின்னணி: இந்தக் கேள்விக்கு நான் படித்த விதம்

இறையியல் படிப்பில் புதிய ஏற்பாட்டுத் தாள் எழுதுபவர்கள், தொடக்ககாலக் கிறிஸ்தவ அப்போஸ்தலரான பவுலின் பின்னணியும் ஊழியமும் பற்றிய கேள்விக்குத் தயாராக இருப்பது நல்லது. சிலிசியா நாட்டுத் தர்சு நகரில் பிறந்தார், யூதச் சட்ட ஆசிரியர் கமாலியேலிடம் படித்தார், ரோமக் குடியுரிமை இருந்தது, கூடாரத் தொழில் தெரியும் என்று எழுதி முடித்துவிட்டால் அது வெறும் வாழ்க்கைக் குறிப்புதான். அந்தப் பின்னணி ஊழியத்தில் எந்த இடத்தில் கைகொடுத்தது என்பதுதான் கேள்வி.

எனக்கு மிகவும் உதவியது, அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் மூன்று பேச்சுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தது. 13ஆம் அதிகாரத்தில், பிசீதியா நாட்டு அந்தியோகியா ஜெப ஆலயத்தில், இஸ்ரவேலின் வரலாற்றை எகிப்திலிருந்து தொடங்கித் தாவீது வழியாக இயேசுவிடம் வருகிறார். சங்கீதம், ஏசாயா, ஆபகூக் எல்லாம் மேற்கோளாக வருகின்றன. 14இல் லீஸ்திரா. அவரையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று நினைத்துப் பலியிட வந்த மக்களிடம் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. மழையையும் விளைச்சலையும் சாப்பாட்டையும் சொல்கிறார். 17இல் அத்தேனே. தத்துவம் அறிந்தவர்கள் முன்னால் கிரேக்கக் கவிதை வரி ஒன்றை எடுக்கிறார். 'நாம் அவருடைய சந்ததியார்' என்ற அந்த வரி ஆராட்டஸ் எழுதியது. ஆராட்டஸ் சிலிசியாவில் சோலி ஊர்க்காரர், அதாவது பவுலின் சொந்த வட்டாரத்துக் கவிஞர்! தர்சு மக்களின் தத்துவ ஆர்வம் அத்தேனேயையும் அலெக்சாந்திரியாவையும் மிஞ்சியது என்று கிரேக்கப் புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதியிருப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். இவை பவுலே எழுதியவை அல்ல, நடபடிகளின் ஆசிரியர் லூக்கா எழுதித் தந்த பேச்சுகள் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, என் பார்வையில் இந்த விடையின் உயிர் கலாத்தியர் 3ஆம் அதிகாரம். புறஜாதியாருக்கு, அதாவது யூதர் அல்லாதவர்களுக்கு, விருத்தசேதனம் வேண்டாம் என்று வாதாடுகிறார் பவுல். எதை வைத்து? ஆதியாகமம், உபாகமம், ஆபகூக் ஆகியவற்றை வைத்துத்தான். ஆபிரகாம் விசுவாசத்தால் நீதிமானாக எண்ணப்பட்டான் என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்த ஒரு பரிசேயனுக்கே உரிய வேதப் பயிற்சியோடு, புறஜாதியாருக்குக் கதவைத் திறக்கிறார். யூதப் பின்னணியை அவர் தூக்கி எறிந்துவிட்டார் என்று எழுதுவது எவ்வளவு தவறு என்பது இதைப் படித்தால் புரியும். பிலிப்பியர் 3இல் தன் யூதப் பெருமைகளை நஷ்டம் என்று எண்ணுவதாகச் சொல்வது உண்மைதான். ஆனால் ரோமர் 9இன் தொடக்கத்தில் தன் ஜனத்துக்காக அவர் படும் துக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பவுல்.

கூடாரத் தொழிலைப் பற்றி எழுதும்போது, பவுலோடு சேர்ந்து அதே தொழிலைச் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு நிறுத்திவிடாதீர்கள். கிரேக்க, ரோம உலகின் மேல்தட்டினர் கைவேலையைத் தாழ்வாகப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சூழலில், கொரிந்து சபையிடம் ஆதரவு பெறும் உரிமை தனக்கு உண்டு என்று 1 கொரிந்தியர் 9இல் வாதாடிவிட்டு, அதை வேண்டாம் என்கிறார். யாருடைய பணத்துக்கும் கட்டுப்படாமல் நற்செய்தி சொல்ல அந்தத் தொழில் வழிவிட்டது.

ரோமக் குடியுரிமைக்கு இரண்டு வரி போதும்: பிலிப்பியில் தாங்கள் அடித்தவர் ரோமக் குடிமகன் என்று தெரிந்து அதிகாரிகள் பயந்தது, பிறகு பவுல் இராயனுக்கு அபயமிட்டது, அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தர்சுவைப் பற்றியோ குடியுரிமையைப் பற்றியோ பவுல் தன் நிருபங்களில் எங்கும் சொல்வதில்லை. இரண்டும் நடபடிகளில்தான் வருகின்றன. மூன்று தரம் மிலாறுகளால் (பிரம்புகளால்) அடிபட்டதாக 2 கொரிந்தியர் 11இல் அவரே சொல்கிறார். அது ரோமக் குடிமகனுக்குக் கொடுக்கக் கூடாத தண்டனை. அதனால் சில அறிஞர்கள் குடியுரிமையையே சந்தேகிக்கிறார்கள். பிலிப்பியில் நடந்தது போல, குடிமகன் என்று தெரியாமலே அதிகாரிகள் அடித்திருக்கலாம் என்பது எதிர்வாதம். இரண்டையும் குறிப்பிட்டு, உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைக் காரணத்தோடு எழுதுங்கள்.

தேர்வில் நேரம் போதவில்லை என்றால் இந்தக் குடியுரிமைப் பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கலாத்தியர் பகுதியில் கை வைக்க வேண்டாம்.