கையில் ரெண்டு, நடுவில் அஞ்சு

ஜனவரி 5, 2024, வெள்ளி

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் அக்கா வீடு. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அங்கே டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் தொடங்கிவிடும். நான் இதுவரை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோடு சரி. இன்று அத்தான், "சிப்ஸை எடும்மா, ஆடிக்கிட்டே கத்துக்கலாம்" என்று ஒரு குவியலை என் பக்கம் தள்ளினார். காசு கிடையாது. பந்தயத்துக்குக் காசுக்குப் பதில் வைக்கும் பிளாஸ்டிக் வில்லைகள், அந்த சிப்ஸ் மட்டும்தான்.

அடிப்படை சுலபம். ஆளுக்கு ரெண்டு சீட்டு, கவிழ்த்துப் போடுவார்கள். அதைப் பார்த்து ஒரு சுற்று பந்தயம். அப்புறம் நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள், அது ஃபிளாப். மறுபடி பந்தயம். நாலாவது சீட்டு டர்ன், அதற்கு ஒரு சுற்று. ஐந்தாவது ரிவர், அதோடு கடைசிச் சுற்று. கையில் இருப்பதும் நடுவில் இருப்பதும் சேர்ந்து ஏழு. அதில் சிறந்த ஐந்துதான் நம் கை. மற்ற எல்லாரும் ஃபோல்ட் செய்துவிட்டால், அதாவது சீட்டைப் போட்டு விலகிவிட்டால், சீட்டைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, மிஞ்சியவருக்குப் பாட் (நடுவில் சேர்ந்த பந்தயம்) மொத்தமும்.

ஃபிளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கட்டின் மேல் சீட்டு ஒன்றைப் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். மேல் சீட்டின் முதுகில் யாராவது அடையாளம் வைத்திருந்தால் அது பலிக்கக்கூடாது என்பதற்காக. வீட்டு ஆட்டத்தில்கூட அத்தான் இதை விடுவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஜனவரி 6, சனி

எந்தக் கை பெரியது என்ற வரிசையை இன்று மனப்பாடம் செய்தேன். கீழிருந்து மேலாக: வெறும் பெரிய சீட்டு, ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, வரிசையாக ஐந்து (ஸ்ட்ரெய்ட்), ஒரே பூவில் ஐந்து (ஃபிளஷ்), மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே எண்ணில் நாலு, ஒரே பூவில் வரிசையாக ஐந்து. கடைசியாகச் சொன்னதில் பத்து முதல் ஏஸ் வரை அமைந்தால் ராயல் ஃபிளஷ், அதற்கு மேல் எதுவும் இல்லை. துருப்பு கிடையாது. ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளாவர் நாலும் சமம்.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே வரிசைதான் கலரை (ஒரே பூவில் மூன்று) ஜெயிக்கும். இங்கே தலைகீழ், ஃபிளஷ் ஸ்ட்ரெய்ட்டை ஜெயிக்கும். யாரோ இஷ்டத்துக்கு மாற்றி வைத்ததில்லை இது. மூன்று சீட்டில் வரிசை அமைய 720 வழி, கலர் அமைய 1,096 வழி. ஐந்து சீட்டிலோ ஸ்ட்ரெய்ட்டுக்கு 10,200 வழி, ஃபிளஷுக்கு 5,108 வழிதான். எது அரிதோ அதற்கு மதிப்பு அதிகம். பேப்பரில் போட்டுப் பார்த்ததும் கைகளின் மதிப்பு வரிசை முழுவதும் தானாகவே மனதில் நின்றுவிட்டது. இப்படி எண்ணிக்கையே விதியாக நிற்பது எவ்வளவு அழகு!

ஏஸ் ரெண்டு பக்கமும் சேரும்: ஏஸ்-2-3-4-5 வரிசை, 10-ஜாக்-ராணி-ராஜா-ஏஸும் வரிசை. ஆனால் ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றி வரக்கூடாது.

ஜனவரி 9, செவ்வாய்

ஆட்டம் எங்கே பிறந்தது என்று படித்தேன். இங்கிருந்து தெற்கே, கார்ப்பஸ் கிரிஸ்டி பக்கத்தில் இருக்கும் ராப்ஸ்டவுன் என்ற சின்ன ஊர்தான் பிறந்த இடம் என்று டெக்சஸ் சட்டமன்றம் 2007ல் தீர்மானமே போட்டிருக்கிறது. 1960களில் டெக்சஸ்காரர்கள் இதை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோனார்கள். உலகம் முழுவதும் பரவியதற்கு 2003 பெரிய காரணம். கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த வருஷம் அந்தப் போட்டியில் 839 பேர். அடுத்த வருஷம் 2,576 பேர்.

ஊரிலும் இந்தப் பேச்சுதான். ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தடுக்க 2022ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் செல்லும் என்றும், ஆனால் அந்த ரெண்டும் திறமை ஆட்டங்கள் என்பதால் தடைப் பட்டியலில் வைக்க முடியாது என்றும் போன நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திறமை ஆட்டம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதற்காகச் சம்பளத்தை வைத்து ஆடலாம் என்று ஆகிவிடாது. எங்கள் மேசையில் காசு வராது என்று அக்கா வைத்த சட்டம் எனக்கு முழு சம்மதம்.

ஜனவரி 12, வெள்ளி

இன்றுதான் ஆட்டம் உண்மையிலேயே புரிந்தது. எல்லாம் யார் எப்போது பேசுகிறார், அதாவது தன் பந்தய முடிவைச் சொல்கிறார், என்பதில் இருக்கிறது.

டீலர் இடத்தைக் காட்டும் வட்ட பட்டன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஆள் நகரும். பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் சிறிய பிளைண்ட், அடுத்தவர் பெரிய பிளைண்ட்: சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம். எங்களுக்கு 1 சிப், 2 சிப்ஸ். முதல் சுற்றில் பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் பேச்சைத் தொடங்குவார். ஃபிளாப்புக்குப் பிறகு பட்டன்காரர்தான் எப்போதும் கடைசி.

பட்டன் என்னிடம். கையில் ஸ்பேடு ஏஸ், ஸ்பேடு 10. நாலு பேரும் ரெண்டு ரெண்டு சிப்ஸோடு உள்ளே, பாட் 8. ஃபிளாப்: ஸ்பேடு ராஜா, ஸ்பேடு 7, டைமண்ட் 3. அக்கா மகள் செக் (பந்தயம் வைக்காமல் அடுத்தவருக்கு விடுவது), அக்கா செக், அத்தான் 4 வைத்தார். எனக்கு இன்னும் ஒரு ஸ்பேடு வேண்டும். கண்ணில் படாத சீட்டு 47, அதில் ஸ்பேடு 9. ஒரு சீட்டில் வர ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ரெண்டு சீட்டும் பார்த்தால் நூற்றுக்கு 35. கால் செய்தேன், அதாவது நானும் 4 வைத்தேன். மற்ற ரெண்டு பேரும் ஃபோல்ட்.

டர்னில் டைமண்ட் ராணி. அத்தான் தயங்கி செக் என்றார். நானும் செக். அவ்வளவுதான், ரிவரை ஒரு சிப் செலவில்லாமல் பார்த்துவிட்டேன்! நான் முதலில் பேச வேண்டியிருந்தால் செக் சொல்லிவிட்டு, அவர் எவ்வளவு வைப்பாரோ என்று காத்திருந்திருக்க வேண்டும். ரிவரில் ஸ்பேடு 2. அத்தான் செக், நான் 6, அவர் கால். ராஜா, ஜாக்கைத் திருப்பி வைத்தார். "கடைசியில உட்கார்ந்து வாங்கிட்டியேம்மா" என்றார், சந்தோஷமாகத்தான்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மார்ட்டின் லூதர் கிங் நாளும் இன்றே வந்ததால் எல்லாருக்கும் லீவு. வெளியே உறைகிற குளிர், யாரும் வீட்டை விட்டு நகரவில்லை.

நடுவில் ஏஸ், ராஜா, ஜாக், 9, 6. அக்கா மகளிடம் ஏஸ்-3, அத்தானிடம் ஏஸ்-4. ரெண்டு பேருக்கும் ஏஸ் ஜோடி. "நாலு பெருசுதானே சித்தி, அப்பாவுக்குத்தானே?" என்றாள். இல்லை, பாதிப் பாதி. ஐந்து சீட்டு எண்ணினால் ஏஸ், ஏஸ், ராஜா, ஜாக், 9. அதோடு முடிந்தது, 4ம் 3ம் உள்ளே வரவே இடமில்லை. அத்தானிடம் ஏஸ்-ராணி இருந்திருந்தால் ராணி உள்ளே வந்து அவரே ஜெயித்திருப்பார். அந்தத் துணைச் சீட்டுதான் கிக்கர்.

ஜனவரி 19, வெள்ளி

மிச்சமிருந்தது ஆல் இன் கணக்கு, அதாவது தன்னிடமுள்ள சிப்ஸ் முழுவதையும் வைப்பது. அக்கா தன்னிடமிருந்த 20ஐயும் வைத்தார், நான் 45ஐயும், அத்தான் 45க்கு ஈடுகொடுத்தார். அக்காவால் ஆளுக்கு 20 வரைக்கும்தான் ஜெயிக்க முடியும்; ஆக முதல் பாட் 60. மீதி 25ம் 25ம் சேர்ந்த 50 தனிப் பாட், அது எனக்கும் அத்தானுக்கும் நடுவில். அக்காவிடம் ஃபுல் ஹவுஸ், 60 அவருக்கு. ஐம்பது அத்தானுக்கு. நான் எழுந்து டீ போடப் போனேன்.

கடைசியில் அக்காவும் அத்தானும் மட்டும் ஆடினார்கள். ரெண்டே பேர் என்றால் பட்டன்காரரே சிறிய பிளைண்ட் வைக்க வேண்டும். ஃபிளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், அதற்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியில்.